பெரட்டுத் தாத்தாவின் தொலைதூரக் கல்வி

தொலைதூரக் கல்வியைக் கண்டுபிடித்தவர் எங்கள் பெரட்டுத் தாத்தா. இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். பெருந்தொற்றுக் காலத்தில் பெரிய பெரிய பேராசிரியர்களெல்லாம் கணினி முன்னால் உட்கார்ந்து, "என் குரல் கேட்கிறதா? கேட்கிறதா?" என்று பரிதாபமாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் வீட்டில் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவிலேயே, கம்பி இல்லாமல், கரண்டு இல்லாமல், ஒரு மைக்கூட இல்லாமல், வெறும் தொண்டையை வைத்துக்கொண்டு ஒரு தோட்ட லயம் முழுவதற்கும் பாடம் நடத்திக் காட்டியவர் அவர். அவருடைய மாணவர்களில் யாரும் "கேட்கவில்லை" என்று சொன்னது கிடையாது. அதைச் சொல்லும் உரிமை அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

மலேசியாவில், செலண்டாரிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்தது அந்த ரப்பர்த் தோட்டம். அதன் கோடியில், வேலையிலிருந்து ஓய்ந்தவர்களுக்கென்று நிர்வாகம் விட்டுவைத்திருந்த இரண்டு வரிசை வீடுகளுக்குப் பென்சன் லயம் என்று பெயர். பென்சன் வாங்கியவர் அங்கே ஒருவர்கூட இல்லை. பிள்ளைகள் பாயா ரும்புட் பக்கம் தொழிற்சாலைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, பெற்றவர்கள் கோழி வளர்த்துக்கொண்டும், அந்தக் கோழிகளுக்காகச் சண்டை போட்டுக்கொண்டும் அங்கே காலம் தள்ளினார்கள்.

இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரு பெரிய திடல். அதுதான் பழைய பெரட்டுக் களம். விடியற்காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். நம்முடையவர் அங்கே பெயர் கூப்பிட்ட மண்டோர், அதாவது கங்காணி. வயதானதும் வேலையை விட்டார்; பெரட்டை விடவில்லை. காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால்வரை காலுறை, கழுத்தில் விசில், தலையில் தொப்பி என்று தினமும் விடியலில் களத்துக்கு வந்து நின்று, காக்கைகளை அதட்டிவிட்டுத்தான் தேநீர் குடிப்பார். இயற்பெயர் என்னவென்று கேட்டால் அவர் சம்சாரமே கொஞ்சம் யோசிப்பார். அந்த அம்மாவுக்கு இடது காது கேட்காது. கல்யாணமான நாள் முதல் அவர் இடப்பக்கமாகவே உட்கார்ந்து பேசியதுதான் காரணம் என்று லயத்தில் சொல்வார்கள்.

அவர் குரலைப் பற்றி நான் சொன்னால் பொய் என்பீர்கள். பெரிய சாலையில் மலாக்கா பஸ் போவது தெரிந்தால், லயத்தில் நின்றபடியே "நில்லுடா!" என்பார். பஸ் நின்றுவிடும். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டால், கால் தானாக பிரேக்கை மிதித்துவிட்டதாக டிரைவர் சொல்வார். அவர் மண்டோராக இருந்த காலத்தில், பக்கத்துத் தோட்டத்து மாரிமுத்து ஒருவன், இங்கே தன் பெயரைக் கூப்பிடுவது கேட்டு ஓடிவந்து, பாதி நாள் பாலுக்காக மரம் வெட்டிவிட்டுத்தான் தோட்டம் மாறி வந்ததைக் கண்டுபிடித்தானாம்.

நான் அப்போது தமிழ்ப்பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியை. பெம்பானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவேன். சாயங்காலத்தில் பென்சன் லயத்து முதியவர்களுக்கு மலாய் சொல்லித்தர ஒத்துக்கொண்டிருந்தேன். வகுப்பு நடந்த இடம் ஆயக் கொட்டகை. தாய்மார்கள் பால்மரம் வெட்டப் போகும்போது குழந்தைகளை விட்டுச்சென்ற கொட்டகை அது. தொட்டில் கட்டிய கொக்கிகள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. கதவைத் திறந்து, பாய் விரித்து வைப்பதுதான் பெரட்டுத் தாத்தாவிடம் ஒப்படைத்த வேலை. ஆனால் அவர் கையில் ஒரு கூட்டத்தைக் கொடுத்துவிட்டுப் பாயை மட்டும் விரி என்றால் நடக்கிற காரியமா?

முதல் நாளே எல்லோரையும் வாசலில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டார். "ஹாடிர்!" என்று மலாயில் 'வந்திருக்கிறேன்' சொன்னவர்கள்தான் உள்ளே போகலாம். தாமதமாக வந்தவர்களுக்கு அன்றைக்குப் பாடம் கிடையாது. இரண்டாவது வாரம் மழையில் மாட்டி நான் கொஞ்சம் தாமதமாகப் போனேன். அவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், பெரட்டு முடிஞ்சிருச்சி. வீட்டுக்குப் போங்க. நாளைக்கு வாங்க."

"தாத்தா, நான்தானே டீச்சர்!"

"அதுக்குத்தான் 'போங்க'ன்னு சொன்னேன். மத்தவங்களா இருந்தா 'போ'ன்னு சொல்லியிருப்பேன்."

நனைந்த புடவையோடு பெம்பானுக்குத் திரும்பினேன். அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை.

அந்த வகுப்பை வேடிக்கைக்காக நடத்தவில்லை. பென்சன் லயத்தில் சில பேரிடம் இருந்தது சிவப்பு ஐசி. நாட்டில் குடியிருக்கலாம், குடிமக்கள் இல்லை என்பதற்கான அடையாள அட்டை. நீல ஐசி வேண்டுமென்றால் மனுப்போட்டு, வருஷக்கணக்கில் காத்திருந்து, அதிகாரி முன்னால் உட்கார்ந்து மலாயில் பதில் சொல்ல வேண்டும். இதில் எனக்கு அதிகக் கவலை தந்தவர் அஞ்சலையம்மா.

அஞ்சலையம்மா அதே தோட்டத்தில், அதே லயத்தில் பிறந்தவர். பிறந்ததைப் பதிந்துவைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. ஒருமுறை நேர்காணலுக்குப் போய், எல்லாப் பதிலும் தெரிந்திருந்தும், அதிகாரியைப் பார்த்ததும் வாயடைத்துப்போய்த் திரும்பி வந்திருந்தார். சுபாவத்திலேயே சத்தம் போடாத மனுஷி. அவர் கோழியை விரட்டினால்கூடக் கோழிக்குத் தெரியாது. "ஆஸ்பத்திரிக்குப் போனா கார்டப் பாத்துட்டு 'எந்த ஊருலேருந்து வந்தீங்க'ன்னு கேக்குறாங்க டீச்சர். நான் எங்கேருந்து வந்தேன்? எங்கம்மா வயித்துலேருந்துதான் வந்தேன். செத்தா நீலக் கார்டோடதான் சாவணும்" என்று என் காதருகே வந்து ரகசியம் மாதிரி சொன்னார். மறுபடியும் அவருக்கு நேர்காணல் தேதி வந்தது. அடுத்த மாதம். இதை விட்டால் இன்னும் எத்தனை வருஷமோ.

அந்த நேரம் பார்த்துத்தான் லயத்துக்கு அம்மை வந்தது. பள்ளி விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டிகளுக்குப் பலகாரத்தோடு சின்னம்மையையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு வீட்டு நிலையில் வேப்பிலை ஏறியது. பிறகு அடுத்த வீட்டில். பிறகு எதிர் வரிசையில். வேப்பிலை கட்டிய வீட்டில் தாளிக்க மாட்டார்கள், வெளியாள் உள்ளே போகக் கூடாது, உள்ளிருப்பவர் வெளியே வரக் கூடாது. மூன்று தண்ணீர் ஊற்றி ஆத்தாளை வழியனுப்பும்வரை அதுதான் சட்டம். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரெசர் வேறு வந்து, வயதானவர்களுக்கு இது ஆபத்து, நல்லவர்களும் ஒரு இடத்தில் கூடக் கூடாது என்று சொல்லி ஆயக் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார்.

எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. "வகுப்ப நிறுத்திடலாம் தாத்தா. வேற வழியில்ல" என்றேன்.

"எதுக்கு நிறுத்தணும்? டிரெசர் என்னா சொன்னாரு? ஒண்ணா ஒக்காராதீங்கன்னாரு. படிக்காதீங்கன்னா சொன்னாரு?"

"ஒண்ணா ஒக்காராம எப்படிலா படிக்கிறது?"

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு களத்தின் நடுவுக்கு நடந்தார். விசிலை ஊதினார். இரண்டு வரிசையிலும் கதவுகள் திறந்தன. அவரவர் வாசற்படியில் நிற்க வேண்டும், களத்தில் ஒருவர் காலும் படக் கூடாது என்று உத்தரவு போட்டார். அம்மை கண்டு படுத்திருப்பவர்கள் உள்ளேயிருந்து தட்டைத் தட்டினால் போதும், அது ஹாடிர் கணக்கில் சேரும். டீச்சர் புத்தகத்தைப் பார்த்து மெதுவாகச் சொல்வார். அதைத் தாத்தா சத்தமாகச் சொல்வார். மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும்.

இப்படியாக நான் ரேடியோ நிலையமும் அவர் குழாய் ஸ்பீக்கருமாக ஆனோம். இதில் ஒரு சிக்கல் இருந்தது. தாத்தாவுக்குத் தெரிந்த மலாய் முழுக்க வேலைக்காட்டில் கற்ற அதட்டல். நான் "நலமா?" என்று கேட்கும் வாக்கியத்தை மெல்லச் சொல்லிக்கொடுத்தால், அவர் வாயிலிருந்து அது போலீஸ் விசாரணை மாதிரி வெளியே வரும். நலமாக இருந்தவர்கள்கூடப் பயந்து தட்டைத் தட்டினார்கள்.

முதல் நாள் பாடமே, பெயர் சொல்வது. அஞ்சலையம்மாவுக்கு அவசரம் என்பதால் அவரையே உதாரணமாக வைத்து, "என் பெயர் அஞ்சலை" என்பதை "நாமா சாயா அஞ்சலை" என்று சொல்லிக்கொடுத்தேன். தாத்தா முழங்கினார். இரண்டு வரிசையும் பக்தியோடு திருப்பிச் சொல்லியது. பிறகு அவர் சோதித்துப் பார்த்தார்.

"முனியாண்டி! ஒன் பேரு என்னா? மலாய்ல சொல்லு!"

மீசைக்கார முனியாண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நாமா சாயா அஞ்சலை!" என்றார்.

"டேய், அஞ்சல அந்தா நிக்கிறா. நீ யாரு?"

"நீங்கதானேண்ணே அப்படிச் சொல்லச் சொன்னீங்க! இப்ப மாத்திப் பேசுனா எப்படிலா?"

அந்த வாரம் முழுவதும் பென்சன் லயத்தில் ஆண் பெண் எல்லோருக்கும் பெயர் அஞ்சலைதான். நிறங்களைச் சொல்லித்தர ஒரு கம்பில் துணிகளைக் கட்டி ஆட்டியபோது இன்னொரு கலவரம். சிவப்பு, மேரா. நீலம், பீரு. மஞ்சளைத் தூக்கியதும் கோடி வீட்டிலிருந்து, "அது என் சேலைலா! காயப்போட்டத ஏன்யா எடுத்த?" என்று ஒரு கூக்குரல். "பாடம் முடியட்டும், தர்றேன். அது என்னா கலரு, மொதல்ல சொல்லு!" என்றார் தாத்தா. "கூனிங்! கொண்டா இங்க!" என்று பதில் வந்தது.

சத்தத்தை எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. புருஷனை அம்மையில் படுக்கப் போட்டிருந்த காளியம்மா ஒரு நாள் வாசலில் நின்று பிடித்துக்கொண்டார்.

"ஏன்யா பெரட்டு, ஆத்தா வந்திருக்கிற வீட்டு முன்னால இப்படியா கத்துவ? அவ கோவிச்சுக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

தாத்தா தொப்பியைக் கழற்றினார். வேப்பிலையைப் பார்த்துக் கைகூப்பினார். "ஆத்தா, மன்னிச்சிரு. நீயும் எங்க பாட்டன் பூட்டனோட கப்பல்ல வந்தவதானே? ஒனக்கும் செவப்பு ஐசியாத்தான் இருக்கும். நாங்க படிக்கறப்ப நீயும் சேந்து படிச்சுக்க தாயே" என்றார், தன்னால் முடிந்தவரை மெதுவாக. அது ஆயக் கொட்டகைவரைதான் கேட்டது.

காளியம்மா சிரித்துவிட்டார். மறுநாள் முதல் பெரட்டில் கடைசிப் பெயராக "மாரியம்மா!" என்று தாத்தா கூப்பிடுவார். வேப்பிலைக்குப் பின்னாலிருந்து காளியம்மா, "ஹாடிர்!" என்று ஆத்தாளுக்காகப் பதில் சொல்வார்.

ஆனால் தாத்தாவின் கண் முழுக்க அஞ்சலையம்மா மேல்தான் இருந்தது. அவர் வீடு களத்தின் அந்தக் கோடி. தாத்தா கேள்வி கேட்பார். அங்கே உதடு அசைவது தெரியும், ஒன்றும் கேட்காது.

"காதுல விழல! இன்னொரு தடவ!"

மறுபடியும் உதடு அசையும்.

"காதுல விழல! இன்னொரு தடவ!"

"அவங்க சரியாத்தான் சொல்றாங்க தாத்தா, விடுங்க" என்று நான் கெஞ்சுவேன். "சரியாச் சொல்லி என்னா டீச்சர்? போன தடவையும் சரியாத்தான் சொல்லிருக்கா. அவ வயித்துக்குள்ளயே சொல்லிருக்கா" என்பார். விடவே மாட்டார். வகுப்பு முடிந்து எல்லோரும் கதவைச் சாத்திய பிறகும், அவர் களத்திலும் அஞ்சலையம்மா வாசலிலுமாக நின்று கத்திக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் சாயங்காலம் எங்கே வசிக்கிறீர்கள் என்று தாத்தா கேட்க, அந்தக் கோடியிலிருந்து பதில் வந்தது பாருங்கள், கோழிகளெல்லாம் அலறிக்கொண்டு கூரை மேல் ஏறின. லயமே கை தட்டியது. அஞ்சலையம்மா, அந்தச் சத்தம் யாரிடமிருந்து வந்தது என்று பக்கத்து வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"நானே ஒன்ன ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று தாத்தா வாக்குக் கொடுத்தார். ஊரார் வீட்டு வேப்பிலைக்கெல்லாம் எட்டியே நின்றவரை அம்மை கடைசியில் எப்படிப் பிடித்ததோ தெரியவில்லை. நேர்காணலுக்கு முந்தின வாரம் அவர் வீட்டு நிலையிலும் வேப்பிலை ஏறியது. தொண்டைக்குள்ளெல்லாம் கொப்புளம். அந்தக் குரல் நின்றுபோனது. சாயங்காலத்தில் களம் வெறிச்சென்று கிடந்தது. எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. அஞ்சலையம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் வராம எனக்குப் பேச்சு வராது டீச்சர்" என்றார். அதையும் பழையபடி ரகசியமாகத்தான் சொன்னார்.

நான்தான் பஸ்ஸில் கூட்டிப் போனேன். பட்டணத்து அலுவலகத்தில் நீளமான நடை, அதன் ஓரமாக நாற்காலிகள், கூட்டம். அஞ்சலையம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். கதவு திறந்திருந்ததால் நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரி இளம் வயது மலாய்க்காரர், சாந்தமான முகம். "மக்சிக், உங்கள் பெயர் என்ன?" என்று மலாயில் பணிவாகக் கேட்டார். மக்சிக் என்றால் அத்தை மாதிரி மரியாதையான வார்த்தை.

அஞ்சலையம்மா எழுந்து நின்றார். மூச்சை இழுத்தார்.

"நாமா சாயா அஞ்சலை!"

அதிகாரியின் பேனா கீழே விழுந்தது. நடையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீரிட்டது. காவலாளி ஓடிவந்து கதவருகே நின்றார். பாவம், அஞ்சலையம்மா மேல் தப்பே இல்லை. மலாய் என்றாலே ஒரு திடல் அகலத்துக்குப் பேச வேண்டிய மொழி என்றுதான் அவருக்குப் பழக்கியிருந்தது.

"கொஞ்சம் மெதுவாக, மக்சிக்" என்றார் அதிகாரி, காதைத் தடவிக்கொண்டே. அடுத்த கேள்வியைக் கேட்டார். அஞ்சலையம்மா மெதுவாகச் சொல்லப் பார்த்தார். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. இன்னொரு கேள்வி. அதற்கும் இல்லை. போன தடவை நடந்தது கண் முன்னாலேயே திரும்ப நடந்துகொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் எழுந்துபோய், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, லயத்தில் அம்மை வந்ததையும் களத்தில் வகுப்பு நடந்ததையும் சொன்னேன். "எட்டி நின்றால்தான் இவருக்குப் பேச வரும், என்சிக்" என்றேன். என்சிக் என்றால் ஐயா.

அவர் என்னைப் பார்த்தார், அஞ்சலையம்மாவைப் பார்த்தார். பிறகு எழுந்து, கதவை முழுக்கத் திறந்துவைத்து, "மக்சிக், அந்தக் கோடியில் போய் நில்லுங்கள்" என்று நடையின் கடைசியைக் காட்டினார். தான் வாசலில் நின்றுகொண்டார். எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்டார். நடை அதிரப் பதில் வந்தது. என்ன வேலை செய்தீர்கள்? "போத்தோங் கெத்தா!" ரப்பர் மரம் வெட்டினேன். கொடியில் என்னென்ன நிறம்? சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள் நான்கும் வரிசையாக வந்து விழுந்தன. காத்திருந்தவர்களெல்லாம் கூடவே முணுமுணுத்துப் பாடம் பண்ணிக்கொண்டார்கள். பக்கத்து அறைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

கடைசியாக அவர் ஒன்று கேட்டார். "ஏன் குடியுரிமை வேண்டும், மக்சிக்?"

அதை நாங்கள் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. புத்தகத்திலும் இல்லை, களத்திலும் இல்லை. அஞ்சலையம்மா அந்தக் கோடியில் தனியாக நின்றார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு, தமக்குத் தெரிந்த சொற்களை எடுத்துத் தாமே கோத்து, முழுத் தொண்டையில் சொன்னார்.

"சாயா லாஹிர் சினி! மாத்தி பூன் சினி!"

பிறந்தது இங்கே. சாவதும் இங்கேதான். நடையில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. அந்த அதிகாரி தலையைக் குனிந்து எதையோ தேடுவதுபோல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவரும் கையை வாயருகே குவித்துக்கொண்டு, அந்தக் கோடிக்குக் கேட்கும்படி, "லூலுஸ், மக்சிக்!" என்று கத்தினார். தேறிவிட்டீர்கள்!

நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு நடந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. சேதி தெரிய எல்லோரும் வாசலில் காத்திருந்தார்கள். அஞ்சலையம்மா நேரே போய்க் களத்தின் நடுவில், தாத்தா நிற்கும் இடத்தில் நின்றார். அங்கே அஞ்சலையம்மா நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வேப்பிலை கட்டிய தாத்தா வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"பெரட்டண்ணே!"

லயம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு உள்ளேயிருந்து தட்டைத் தட்டும் சத்தம், அதைத் தொடர்ந்து காற்றுப் போல ஒரு குரல் வந்தது. "ஹாடிர்."

"லூலுஸ்ண்ணே! கெடச்சிருச்சி! கடைசியா ஒண்ணு கேட்டாங்க, நானாச் சொன்னேன். சாயா லாஹிர் சினி! மாத்தி பூன் சினி!"

அப்புறம் அதே மெல்லிய குரல், கஷ்டப்பட்டு, "காதுல விழல. இன்னொரு தடவ."

அஞ்சலையம்மா இன்னொரு தடவை சொன்னார். இன்னும் சத்தமாக. மறுபடியும் உள்ளேயிருந்து, "காதுல விழல." இந்தத் தடவை முனியாண்டி, காளியம்மா, இரண்டு வரிசையும் சேர்ந்துகொண்டு சொன்னது. தாத்தாவின் சம்சாரம் வாசலுக்கு வந்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அவருக்கு நல்லாத்தான் கேக்குது டீச்சர்" என்றார் கண்ணைத் துடைத்தபடி. "அழுதுகிட்டே இருக்காரு. இன்னொரு தடவ கேக்கணுமாம்."

மூன்று தண்ணீர் ஊற்றி அவர் எழுந்துவந்தார். குரல் பாதிதான் திரும்பியது. பஸ்தான் அதற்குப் பிறகு நிற்கவில்லை. அஞ்சலையம்மா நீல ஐசியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, தினமும் சாயங்காலம் அவருக்குப் பதிலாகக் களத்தில் நின்று பெயர் கூப்பிட்டார். இன்று அந்த லயமும் இல்லை, களமும் இல்லை, எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. பெருந்தொற்றின்போது நானும் கணினி முன்னால் உட்கார்ந்து பாடம் நடத்தினேன். திரையின் மூலையில் ஒரு பெண் குழந்தை உதட்டை மட்டும் அசைத்தாள். என்னையறியாமல், "காதுல விழல, இன்னொரு தடவ!" என்று கத்திவிட்டேன்.

தாத்தாவின் அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க எனக்கும்தான் ஆசை.